பூங்காவுக்குப் படியளப்பவர் யார்?

2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. செயற்கைப் புல்தரை பதித்த 9 கால்பந்துத் திடல்களின் பராமரிப்பைத் தனியாரிடம் ஒப்படைப்பது, விளையாட வருபவர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் பெறுவது, வரும் பணத்தில் ஒரு பங்கை மாநகராட்சி எடுத்துக்கொள்வது என்பன அதன் சாரம். செய்தி வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பிற்று. எதிர்க்கட்சியினர் மட்டுமன்றி ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியினரும் கண்டித்தனர். சூடு ஆறுவதற்குள் மேயர் அத்தீர்மானம் திரும்பப் பெறப்படும் என்றும், கட்டணமின்றியே விளையாடலாம் என்றும் அறிவித்துவிட்டார்.

நல்ல முடிவு என்று நாமும் மகிழ்ந்தோம். மகிழ்வதற்குக் கணக்கு ஒன்றே போதும். நாள்தோறும் 2 மணி நேரம் பயிற்சி செய்யும் ஒரு சிறுவன் 240 ரூபாய் செலுத்த வேண்டும். மாதத்தில் 25 நாள் ஆடினால் அது 6,000 ரூபாய். வடசென்னையில் பல குடும்பங்களுக்கு அது வீட்டு வாடகை. கிழிந்த காலணியோடும், பல வேளைகளில் வெறுங்காலோடும் பந்தை உதைத்துப் பழகிய பிள்ளைகளால் வியாசர்பாடி போன்ற பகுதிகள் நாடறிந்த கால்பந்துப் பேட்டைகளாயின. அவர்களை வாசலில் நிறுத்திக் காசு கேட்பது எத்தகைய செயல் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆயினும், ஆரவாரம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. கட்டணம் திரும்பப் பெறப்பட்டது. செலவைத் திரும்பப் பெறுவார் யார்? செயற்கைப் புல்தரை என்பது எட்டு, பத்து ஆண்டுகளில் தேய்ந்து, பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டிய பொருள். விளக்குகளுக்கு மின்கட்டணம் உண்டு. காவலாளிக்கு ஊதியம் உண்டு. தீர்மானத்தைக் கொண்டுவந்தோர் ஏழைப் பிள்ளைகள்மீது பகை கொண்டு அதைக் கொண்டுவந்தனர் என நாம் எண்ணவில்லை. அமைத்ததைக் காக்கப் பணமில்லை என்னும் பழைய நோய்க்கு அவர்கள் தேடிய மருந்து அது. மருந்து தவறானது; அதை ஒதுக்கியதும் முறையே. நோய் மட்டும் படுக்கையிலேயே கிடக்கிறது. கண்டன அறிக்கை வெளியிட்டவர்களுள் அதனருகே சென்று நாடி பிடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

அதே அக்டோபர்த் திங்களின் முதல் வாரத்தில் சென்னைக் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. புனித ஜார்ஜ் பேராலயத்தால் பெயர் பெற்ற சாலை அது. ஆறு ஏக்கர் நிலம். ஏறத்தாழ 46 கோடி ரூபாய்ச் செலவு. பறவைக்கூடம், கம்பிவடத்தில் தொங்கியபடி விரைந்து செல்லும் விளையாட்டு எனப் பல வசதிகள். திறந்தபோது பெரியவருக்கு 100 ரூபாயும் சிறுவருக்கு 50 ரூபாயும் நுழைவுக் கட்டணமாக விதிக்கப்பட்டன. தாய், தந்தை, இரு பிள்ளைகள் உள்ளே செல்ல 300 ரூபாய். இதை அமைத்தது மாநில அரசின் தோட்டக்கலைத் துறை, மாநகராட்சி அன்று. ஆகவே ஒன்றை மற்றதன் குற்றமாக்குவது நியாயமாகாது. ஆனால் ஒரே நகரில், ஒரே மாதத்தில், இரு வாசல்களில் ஒரே கேள்வி எழுந்ததை நாம் காண்கிறோம். பொதுவெளிக்குப் படியளப்பவர் யார்? உள்ளே நுழைபவரா, ஊரா?

இறையியல் பயின்ற நமக்குப் பூங்காவோடும் பந்தாட்டத்தோடும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். குருமடத்தில் நமக்குப் பாடமாயிருந்த புனித தோமா அக்குவினா இதற்கு என்றோ விடை கூறிவிட்டார். தமது இறையியல் பெருநூலின் இரண்டாம் பகுதியில், விளையாட்டிலும் ஓர் அறநெறி உண்டா என்னும் வினாவை எழுப்பி, உண்டு என்றே அவர் முடிவு செய்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல் உழைத்த ஆன்மாவுக்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு மகிழ்ச்சியே என்பது அவர் வாதம். பண்டைய துறவியர் வழிவந்த ஒரு கதையையும் அங்கே அவர் சொல்கிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு ஒருவர் இடறல்பட்டாராம். அவர் கையில் வில் இருந்தது. ஓர் அம்பை எய்யுமாறு யோவான் கேட்டார், அவர் எய்தார். மீண்டும் மீண்டும் எய்யச் சொல்லி, இப்படியே ஓயாமல் எய்துகொண்டே இருக்க இயலுமா என வினவினார். வில் முறிந்துபோகும் என்றார் வந்தவர். ஓய்வே கொடாத மனித உள்ளமும் அவ்வாறே முறியும் என்றார் யோவான். இக்கதையைப் படித்த நாள் முதல், பந்தாட்டத் திடலைக் கடந்து செல்லும்போதெல்லாம் நமக்கு அந்த வில்லின் நினைவு வருகிறது.

ஓய்வு நாளைப் பற்றி நாம் மறையுரையில் பலமுறை பேசியிருக்கிறோம். பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலிலேயே உழைப்பாளிக்கு ஓய்வு உரிமையானது என்னும் கருத்து உறுதியாக இடம்பெற்றுவிட்டது. ஆனால் ஓய்வு நாளை மட்டும் கொடுத்து ஓய்விடத்தைக் கொடாவிட்டால் என்ன ஆகும்? பத்துக்குப் பத்து அறையில் ஐவர் வாழும் வீட்டில், இரவுப் பணி முடித்து வந்த தந்தை உறங்க வேண்டும். பிள்ளைகள் கூச்சலிடவும் வேண்டும். இரண்டும் அந்த ஓர் அறைக்குள் நடவா. வீட்டுக்குள் முற்றம் உள்ளவர்க்குப் பூங்கா ஓர் அழகு. முற்றம் இல்லாதவர்க்குப் பூங்காவே முற்றம். நிதி ஒதுக்குவோர் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

திறந்த வெளி பற்றி விவிலியத்தில் ஒரு சிறு சட்டம் உண்டு. மறையுரைகளில் அது வருவது அரிது. லேவியருக்குப் பங்காக நிலம் வழங்கப்படவில்லை. குடியிருக்க 48 நகரங்களே வழங்கப்பட்டன. அந்நகரங்களின் மதிலுக்கு வெளியே இத்தனை முழம் நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும் என எண்ணிக்கை நூல் அளந்தே கூறுகிறது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் மேலும் ஒரு படி செல்கிறது. வீட்டை விற்கலாம், மீட்கலாம். அத்திறந்த நிலத்தை மட்டும் விற்கலாகாது, ஏனெனில் அது என்றென்றைக்கும் அவர்களுடையது என்கிறது. மாடு மேய்ந்த நிலத்தைக் கொண்டுவந்து மாநகரப் பூங்காவாக்குகிறாரே என நம் விவிலியப் பேராசிரியர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். ஒரு தலைமுறையின் பணமுடைக்காக எல்லாத் தலைமுறைகளின் வெளியை விற்கலாகாது என்னும் அறிவு அச்சட்டத்துள் உறைகிறது என்பதே நம் கருத்து.

அவ்வறிவு இல்லாத நகரம் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சான்று. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், 1859ஐ ஒட்டி, இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே மக்கள் பூங்கா என்னும் பெரும் பூங்கா திட்டமிடப்பட்டது. பரப்பு 116 ஏக்கர். நீர்நிலைகள், இசைமேடை, விலங்குக் காட்சிச்சாலை எல்லாம் அங்கிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடு வந்தது. பொதுமக்களுக்கு மண்டபம் வேண்டும் என விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. வணிகருக்கு இடம் வேண்டும் என மூர் அங்காடி வந்தது. மாநகராட்சிக்கே மாளிகை வேண்டும் என 1913இல் ரிப்பன் கட்டடம் நிமிர்ந்தது. இரயில்வேக்கும் விளையாட்டரங்குக்கும் பங்கு போயிற்று. காட்சிச்சாலை 1985இல் வண்டலூருக்குச் சென்றது. மூர் அங்காடி அதே ஆண்டு தீக்கிரையானபின் அந்த இடம் இரயில் நிலையத்தின் விரிவாக்கத்துக்குச் சென்றதேயன்றிப் பூங்காவுக்குத் திரும்பவில்லை. எஞ்சியிருப்பது மை லேடி பூங்கா என்னும் துண்டு. பூங்காக்களைக் காக்க வேண்டிய அவையே பூங்கா நிலத்தில் அமர்ந்துதான் பூங்காக்களுக்கு நிதி ஒதுக்குகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரிப்பன் கட்டடத்தின் வெண்மையை நாமும் நின்று பார்த்து வியந்தவர்களே. ஒரு நகரம் தன் திறந்தவெளியை ஒரே நாளில் விழுங்குவதில்லை, கவளம் கவளமாகவே உண்கிறது என்பதைச் சொல்ல வந்தோம்.

நல்ல காரணம் என்றோம். மருத்துவமனையைவிட நல்ல காரணம் உண்டா? பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியின் வரைபடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனை, தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் வழக்குத் தொடுத்தனர். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்கான பூங்காவைத் தனியார் கட்டடமாக மாற்ற அதிகாரிகளுக்கோ அரசுக்கோ உரிமையில்லை என்பதே தீர்ப்பின் சாரம். மருத்துவமனைகளை நடத்தும் நம் திருச்சபையினர் அத்தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. தொண்டு என்னும் பெயர் எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் சாவி ஆகாது.

இனிப் பணத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் கொண்ட ஒரு பட்டியல் அரசியலமைப்பில் சேர்ந்தது. பன்னிரண்டாவது பணி, பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் போன்ற வசதிகள். பத்தாவது, குடிசைப் பகுதி மேம்பாடு. பதினொன்றாவது, நகர்ப்புற வறுமை ஒழிப்பு. பதினான்காவது, இடுகாடும் சுடுகாடும். வாழ்வு முழுவதும் அப்பட்டியலில் அடங்கிவிடுகிறது. ஆனால் பணியைக் கொடுத்த வேகத்தில் பணத்தைக் கொடுக்கவில்லை. நகராட்சியின் சொந்த வருவாயில் சொத்து வரியே முதுகெலும்பு. குப்பை, சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் அதன் வாசலில் கையேந்தி நிற்கின்றன. அந்த வரிசையில் பூங்கா கடைசியில் நிற்கிறது. வெள்ளம் வந்தால் வடிகாலைக் கேட்டு மக்கள் மறியல் செய்வர். ஊஞ்சல் சங்கிலி அறுந்ததற்கு யாரும் மறியல் செய்வதில்லை.

புதிய பூங்கா அமைக்கப் பணம் கிடைப்பது அத்துணை கடினமன்று. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பசுமைவெளிகளுக்கென்றே ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்கும் அத்தகையதொரு நிதி உண்டு. மாநிலத் திட்டங்கள் உண்டு. இவை பெரும்பாலும் மூலதனச் செலவுக்கானவை. அமைக்கலாம், அன்றாடம் நடத்த முடியாது. நடத்தும் செலவு நகராட்சியின் வருவாய்க் கணக்கில் வந்து விழுகிறது. அங்கே ஏற்கெனவே ஊதியமும் ஓய்வூதியமும் கடன் வட்டியும் அமர்ந்திருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ளப் பங்குத்தந்தையர்க்குத் தனிப் பொருளாதாரப் படிப்புத் தேவையில்லை. புதிய கெபி கட்டவா, நன்கொடை வரும். கொடிமரத்துக்கா, போட்டி போட்டு வரும். பழைய கூரையின் ஓட்டை மாற்றவா, ஆலய மின்கட்டணம் கட்டவா, காணிக்கைத் தட்டைத்தான் நம்ப வேண்டும். குழல்விளக்கு உபயம் செய்தவர், விளக்கின் ஒளி வெளிவராதபடி அதன்மேல் தம் குடும்பத்தார் பெயர்களை எல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் நம் கோயில்களில் எல்லாச் சமயத்திலும் உண்டு. எரியும் விளக்குக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுகிறார் என்பது எந்த விளக்கிலும் எழுதியிருப்பதில்லை. நகரப் பூங்காக்களின் நிலையும் இதுவே. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது.

ஆகவே பூங்காவுக்கான திட்டமிடல் திறப்பு விழாவிலிருந்து அன்று, அதன் மறுநாள் காலையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். மறுநாள் காலை அங்கே யார் இருப்பார்? ஒரு சிறு கணக்கு. பகல், மாலை, இரவு என மூன்று முறைக் காவல் வேண்டுமானால் மூவர் போதும் எனத் தோன்றும். வாரத்துக்கு 21 முறை. ஒருவருக்கு வார விடுமுறை போக 6 முறை. மூவரால் 18 முறையே ஆகும். நான்காமவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லையெனில் ஒன்று காவலாளி விடுமுறையின்றி உழைக்கிறார், அல்லது பூங்கா பூட்டப்படுகிறது. நண்பகலில் பல ஊர்களில் பூங்கா வாசலில் தொங்கும் பூட்டின் பின்னே இப்படி ஓர் எண்ணப்படாத நான்காமவர் இருக்கலாம். தோட்டப் பணியாளர், கழிப்பறை தூய்மை செய்பவர், தண்ணீர் ஆகியவற்றையும் இவ்வாறே எண்ண வேண்டும். கழிப்பறை இல்லாத பூங்காவுக்குப் பெண்களும் முதியோரும் அரை மணிக்கு மேல் வருவதில்லை. அப்படியெனில் அங்கே செலவிட்ட பணத்தில் பாதி ஆண்களுக்கு மட்டுமே செலவிட்டதாகும்.

பணம் எங்கிருந்து வரும்? கதவருகே பெறலாம் என்பது ஒரு விடை. அதை நாம் ஏற்கவில்லை. பூங்காவின் பயன் உள்ளே நுழைபவரோடு முடிவதில்லை என்பதே முதற்காரணம். மழைநீர் அங்கே இறங்குகிறது. காற்று அங்கே குளிர்கிறது. சுற்றியுள்ள மனைகளின் விலை அதனால் ஏறுகிறது. உள்ளே கால் வைக்காத மனைக்காரர் பெறும் ஆதாயத்துக்கு உள்ளே வரும் கூலித்தொழிலாளி கட்டணம் செலுத்துவது எந்த நீதி? இந்த உண்மையை இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம் அன்றே உணர்ந்திருந்தது. லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்கன்ஹெட் நகரினர் 1840களில் இருநூறு ஏக்கருக்கு மேற்பட்ட சதுப்பு நிலத்தைப் பொதுப்பணத்தில் வாங்கினர். ஏறத்தாழ 125 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கி, சுற்றியுள்ள எஞ்சிய நிலத்தை வீட்டுமனைகளாக விற்று, அப்பணத்தைக் கொண்டே செலவை ஈடுகட்டத் திட்டமிட்டனர். பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. வாசலில் கட்டணம் இல்லை. பூங்காவால் எவர் நிலத்தின் விலை ஏறிற்றோ அவர் வழியே பூங்காவுக்குப் பணம் வந்தது.

தமிழ்நாட்டிலும் இதன் நிழல் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மேம்படுத்துவோர் சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானமளிக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் உள்ளது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையெனில் நிலத்துக்கு மாற்றாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகவும் செலுத்தலாம். பத்தில் ஒன்று! தசமபாகத்தை அறிந்த நமக்கு அவ்விகிதம் அந்நியமன்று. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பெரிய மனைப்பிரிவுகள் புறநகரில் எழுகின்றன. நிலமும் பணமும் அங்கேயே திரளும். நெரிசல் மிகுந்த பழைய வடசென்னையில் 10,000 சதுர மீட்டர் மனைப்பிரிவு எங்கே எழப்போகிறது? ஆகவே மாற்றாகப் பெற்ற பணம் எந்த வட்டாரத்தில் செலவாகிறது என்பதே கேள்வி. வெளியே இல்லாத வட்டாரத்தில் நிலம் வாங்க அது செல்ல வேண்டும்.

சொத்து வரியோடு சேர்த்துப் பூங்காவுக்கெனத் தனிக் கூறு ஒன்றை ஒதுக்கலாமா? இதற்கு முன்மாதிரி நம்மிடமே உள்ளது. எஸ்.ஆர்.இரங்கநாதன் உழைப்பின் பயனாக 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. நாட்டில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் பெறப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர் வரை நூலகம் சென்றதில் அவ்வரிக்குப் பங்குண்டு. அதே வரி ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. உள்ளாட்சிகள் நூலகத்துக்கெனப் பெற்ற பணத்தை நூலகத் துறைக்குச் செலுத்தாமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உண்டியலில் பெயர் எழுதியதால் மட்டும் பணம் உரிய இடம் சேர்வதில்லை.

அசிசியின் ஏழையார் பெயரைத் தாங்கிய சான் பிரான்சிஸ்கோ நகரம் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றது. 1974இல் அந்நகர மக்கள் வாக்களித்து, பூங்காக்களுக்கும் திறந்தவெளிக்கும் எனச் சொத்து வரியில் ஒரு பகுதியை ஒதுக்கினர். இன்று அது சொத்து மதிப்பில் நூறு டாலருக்கு இரண்டரை சென்ட். சிறு துளிதான். ஆனால் அங்கேயும் ஒரு விந்தை நேர்ந்தது. தனி நிதி இருக்கிறதே என்று, நகரின் பொது நிதியிலிருந்து பூங்காக்களுக்குச் செல்லும் பங்கு நெருக்கடிக் காலங்களில் சுருங்கிற்று. ஒரு கை கொடுக்க, மறு கை பின்வாங்கிற்று. ஆகவே 2016இல் மீண்டும் வாக்கெடுத்து, பொது நிதியிலிருந்து ஆண்டுதோறும் இவ்வளவுக்குக் குறையாமல் பூங்காக்களுக்குத் தர வேண்டும் என வரம்பு கட்டினர். வருமானம் குறைந்த பகுதிகளுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை அளந்து காட்டும் கடமையையும் அதோடு இணைத்தனர். இந்த இரண்டாவது விதியே நமக்கு முதன்மையாகப் படுகிறது. அளக்காவிட்டால், குரல் உயர்ந்த பகுதிக்கே பணம் செல்லும். நடைப்பயிற்சியாளர் சங்கம் உள்ள பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறை நடைபாதைக் கல் மாறும். சங்கம் அமைக்க நேரமில்லாத பகுதியில் ஊஞ்சல் ஒற்றைச் சங்கிலியில் தொங்கும்.

நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து எழுந்த ஒரு மாணவி, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்றார். ஊரே கொண்டாடியது, அரசு பரிசளித்தது. கபடிக்கு வேண்டியது சற்றே சமமான மண்தரையும், மாலையில் ஒரு விளக்கும், பெண்பிள்ளைகளை அச்சமின்றி அனுப்பத்தக்க சூழலும். வென்ற பின் தரும் பரிசைவிட வெல்லும் முன் தரும் விளக்கு மலிவு.

நம் வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்கலாம். நகரங்களில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் பரந்த திடல்கள் உண்டு. அவற்றுள் பல பள்ளி மணி அடித்ததும் பூட்டப்படுகின்றன. ஞாயிறன்று வண்டி நிறுத்துமிடமாகின்றன. சன்னல் கண்ணாடி உடையும், யாராவது கீழே விழுந்தால் பொறுப்பு யாருடையது எனத் தலைமையாசிரியர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஏக்கருக்குப் பல கோடி விலையுள்ள ஊரில் புதுத் திடல் வாங்குவதைவிட, இருக்கும் திடலுக்கு மாலை நான்கு மணி நேரம் ஒரு காவலாளியின் ஊதியத்தையும் உடைந்த கண்ணாடியின் விலையையும் நகராட்சி ஏற்பது எத்துணை மலிவு! மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். இப்படி எழுத்து வடிவில் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள மறைமாவட்டம் முன்வந்தால் அதை மறுக்கும் மேயர் இருக்கமாட்டார் என்றே நாம் நம்புகிறோம். புனித பிரான்சிஸ் தம் துறவு இல்லத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடச் சொன்னார். காட்டுப்பூக்கள் அங்கே தாமாக மலரட்டும் என்பது அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதை நினைவூட்டினார். காட்டுப்பூக்களுக்கு இடம் விட்ட மரபினர், காலணியற்ற பிள்ளைகளுக்கும் மாலையில் இடம் விடலாம்.

செக்கரியா இறைவாக்கினர் மீட்கப்பட்ட எருசலேமைக் காட்சியாகக் கண்டபோது முதலில் அவர் கண்ணில் பட்டது படையோ கருவூலமோ அன்று. கோலூன்றிய முதியோர் தெருக்களில் அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் அங்கே விளையாடுவதையும் அவர் கண்டார். அந்த வரிசையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முதியவர் அமர இருக்கை ஒன்று, பிள்ளைகள் ஓட வெளி ஒன்று. இறைவாக்கினர் கண்ட நகரத்தின் தேவைகள் மாநகராட்சிப் பொறியாளரின் மதிப்பீட்டுத்தாளில் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

வரவு-செலவுத் திட்டம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ மன்றத்துக்கு வருகிறது. அதற்கு முன் மக்கள் பேச ஓர் இடம் இப்போது உண்டு. 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளன்று, தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. சிற்றூரின் கிராம சபைக்கு ஈடாக நகரத்தார்க்கு அமைந்த அவை அது. குப்பையும் குடிநீரும் அங்கே முதலில் பேசப்படும், அது இயல்பே. அன்பியக் கூட்டங்களில் பேசிப் பழகிய நம் தாய்மார் அச்சபைக்குச் செல்வார்களாயின், தெருமுனைத் திடலைச் சுட்டிக்காட்டி ஒன்றே ஒன்று கேட்கலாம். அடுத்த ஏப்ரல் முதல் இந்தத் திடலின் காவலாளிக்கும், தோட்டப் பணியாளருக்கும், விளக்குக்கும் எந்தத் தலைப்பில் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டு, விடையைச் சபைக் குறிப்பேட்டில் பதியச் செய்யலாம். அந்த எண் எழுதப்படும் வரை அங்கேயே அமர்ந்திருக்கலாம்.